அடைச்சுத்தான் இருக்கு

அன்பு மகனுக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கப்போவதில்லை. கல்யாண மாப்பிள்ளை நலமாகத்தான் இருப்பாய். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போன மாதம் அலோர் ஸ்டாரிலிருந்து நீ எழுதியிருந்தாய். உன் காண்ட்ராக்டர் உள்காட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிற வெயில் கண்ணாடி போடும் வேலை எடுத்திருக்கிறார், ஆபத்து என்றால் கரண்டை எப்படி நிறுத்துவது என்று ஒரு ஒழுங்கு எழுதித் தரச் சொல்கிறார்கள், 'நீங்க எஸ்டேட்டுல எழுதி மாட்டுன போர்டை அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்கப்பா' என்று. அந்த போர்டில் மொத்தம் பதினோரு வரி. பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். நாலு நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த போர்டு எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டு வரிகளை மட்டும் அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

போன ஞாயிறு சுங்கை பட்டாணி கோயிலில் உன் கல்யாண ஓலையை முதல் முறை வாசித்தார்கள். உன் பேர், என் பேர், அம்மா பேர், ஜெசிந்தா பேர், பிறகு 'காலஞ்சென்ற சவரிமுத்து' என்று அவள் அப்பா பேர். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவேண்டும் என்று முடித்தார்கள். சாமியார் கேட்கிற தடை வேறு, அது எனக்குத் தெரியும். அவர் கேட்பது முறை தப்பியதா, முன்னமே ஒரு கல்யாணம் உண்டா என்று. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவின் அம்மா லூர்து, அவர் வாசித்து முடித்ததும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். முகம் அதுபாட்டுக்குச் சிரித்தது, நான் ஒன்றும் செய்யவில்லை. அன்று மத்தியானம் அம்மா ஆட்டுக்கறி வைத்திருந்தாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சவரிமுத்துவை உனக்குத் தெரியும். மாமா, மாமா என்று அவன் தோளில் ஏறிக்கொண்டு திரிந்தவன் நீ. ஆனாலும் தெரியாதவனுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒருநாள் ஜெசிந்தாவும் படிக்கக்கூடும். அவன் போகும்போது அவளுக்குப் பதினாலு வயது. அந்த வயதுப் பிள்ளைக்கு அப்பா என்றால் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற ஆள், அவ்வளவுதான். சிடாம் கிரிக்குப் பக்கத்தில் நம் எஸ்டேட்டில் அவன் முதலில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தான். எழுபதுகளில் அங்கே கரண்ட் என்றால் இஞ்சின் ரூம்தான், இஞ்சின் ரூம் என்றால் நான்தான். ஆறு மணிக்கு நான் கிளப்பினால் லயத்து வீடுகளில் விளக்கு எரியும், பத்து மணிக்கு நிறுத்தினால் சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டிகூட வாயை மூடிக்கொண்டு படுக்கவேண்டும். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. லயத்துப் பெண்கள் என்னை 'லெட்ரிக் தொரை' என்பார்கள், கேலிதான், நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். போஸ்ட் ஏற ஆள் வேண்டும் என்று நான் கேட்டபோது சவரியைக் கொடுத்தார்கள். என்னைவிட ஆறு வயது இளையவன். ஏணி இல்லாமலே ஏறிவிடுவான், மேலே போய்த்தான் கீழே பார்த்து, 'ஏணி எங்கண்ணே?' என்று கேட்பான்.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் மத்தியானம், நம் வீட்டு உத்தரத்தில் தொங்கிய வயரை இழுத்து உன் பொம்மை லோரியில் மாட்டப் பார்த்தாய். நான் பார்த்துவிட்டேன். உன்னை அடித்த அடியில் உன் காது இரண்டு நாள் சிவந்திருந்தது. சவரி ஓடிவந்து உன்னைத் தூக்கிக்கொண்டு, 'இஞ்சினே ஓடல, கரண்டே இல்லாத வயருக்கா புள்ளைய இந்த அடி அடிக்கிறீங்க?' என்று கத்தினான். 'இல்லேன்னு உனக்கு யாரு சொன்னா? தொட்டுப் பாத்தியா?' என்று நானும் கத்தினேன். நீ அதை மறந்திருப்பாய், அடித்த எனக்கு மறக்கவில்லை. அடித்தது தப்பு. சொன்னது சரி. சரியான சொல் அப்போதே என் வாயில் இருந்திருக்கிறது. பின்னால் தேவைப்பட்ட நாளில்தான் இல்லை.

வெயில் கண்ணாடி நம் எஸ்டேட்டுக்கு வந்தது எண்பதுகள் தொடங்கிய பிறகு. ரெண்டாம் டிவிஷனுக்குத் தண்ணீர் ஏற்றுகிற டீசல் பம்பு அடிக்கடி மக்கர் செய்யும். பினாங்கிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, சோதனைக்குப் போட்டுப் பார்க்கிறோம் என்று மானேஜரிடம் பேசி, மேட்டிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டு மேல் வரிசையாகக் கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். அங்கேயிருந்து வயர் கீழே இறங்கி ஒரு சுவிட்சுப் பெட்டிக்கு வரும். பெட்டியிலிருந்து மண்ணுக்கடியில் பள்ளத்து ஓடை வரைக்கும் போகும், பம்பு அங்கே இருந்தது. மேட்டில் நிற்கிறவனுக்குப் பம்பு ஓடுகிற சத்தம் கேட்காது. இதைக் கவனித்து வைத்துக்கொள், நாங்கள் கவனிக்கவில்லை.

கம்பெனியின் சீன இஞ்சினியர் அரைநாள் பாடம் நடத்தினார், இங்கிலீஷில். சவரிக்கு இங்கிலீஷ் வராது. நான் எல்சிஇ வரைக்கும் படித்தவன், எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அவர் முதலில் சொன்னது, இஞ்சினை நிறுத்தினால் கரண்ட் செத்துப்போகும், இதற்கு அப்படிச் சாவு இல்லை என்பது. வெயில் இருக்கிறவரைக்கும் கண்ணாடியில் கரண்ட் இருக்கும். கீழே சுவிட்சை நிறுத்தினாலும் பெட்டிக்கு இந்தப் பக்கம்தான் சாகும், மேலே இருக்கிறது உயிரோடுதான் இருக்கும். இரண்டாவது, இது பாட்டரிக் கரண்ட் மாதிரி நேராக ஓடுகிற ஜாதி. இஞ்சின் கரண்டில் வயரைப் பிடுங்கினால் பொறி தட்டி அணைந்துவிடும். இதில் ஓடிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் பொறி அணையாது, வயர் விலக விலகக் கூடவே நீண்டு வரும். அதனால் சுவிட்சை நிறுத்தாமல் வயர் சேர்கிற எந்த மூட்டையும் கழற்றவே கூடாது. மூன்றாவது, பெட்டியின் கைப்பிடிக்கு மேலேயும் கீழேயும் இருந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள். மேலே குளோஸ், கீழே ஓப்பன்.

இங்கேதான் வினை. நம் வீட்டில் லைட்டை அடை என்றால் இருட்டாகும், ஃபேனை அடை என்றால் காற்று நிற்கும், தொற என்றால் ஓடும். தமிழ்நாட்டிலிருந்து வந்த உபதேசியார் ஒருவர், 'லைட்டை அணை என்றல்லவா சொல்லவேண்டும், அதென்ன கதவா அடைப்பதற்கு?' என்று சிரிப்பார். அவர் எத்தனை சிரித்தாலும் நம் எஸ்டேட்டில் லைட்டை அடைக்கத்தான் செய்வார்கள். ஆனால் தொழிலில் அது தலைகீழ். இஞ்சினியர் ஒரு கம்பியை வட்டமாக வளைத்துக் காட்டினார். வட்டம் மூடியிருந்தால் கரண்ட் ஓடும், அது குளோஸ். வட்டம் திறந்திருந்தால் கரண்ட் அறுந்துபோகும், அது ஓப்பன். அதாவது அடைத்தால் கரண்ட் உண்டு, திறந்தால் கரண்ட் இல்லை.

எனக்கு அது பெரிய ஞானமாகப் போய்விட்டது. அடுத்த ஒரு வாரம் சவரியின் உயிரை எடுத்தேன். அந்த வார்த்தையைத் தெரியாமல் எழுதிவிட்டேன், அடித்துவிட மனம் வரவில்லை, இருக்கட்டும். அவன் 'அடைக்கவாண்ணே?' என்று கேட்டால், 'அடைன்னா என்னா? கரண்ட் ஓடணுமா நிக்கணுமா? தொழிலுக்கு வந்துட்டா தொழில் பேச்சு பேசுடா. வீட்டுப் பேச்சைப் பொண்டாட்டிகிட்ட வச்சுக்கோ' என்பேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, 'சரிண்ணே, எனக்கு வாயில வந்துருதுண்ணே' என்பான். இரண்டு மூன்று முறை மற்ற ஆட்கள் முன்னாலும் அவனை அப்படி மட்டம் தட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும், சுள்ளென்று வெயில். தொட்டியில் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று புகார். மேலே ஏதோ ஒரு மூட்டு லூசாகிச் சூடாகிறது என்று நினைத்தேன். எது என்று பார்க்க வேண்டுமானால் கரண்ட் ஓடவேண்டும், அப்போதுதான் புகையும். சவரி ஏறினான். நான் கீழே பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கைப்பிடியைக் குளோஸில் தள்ளினேன். கரண்ட் ஓடியது, பம்பு பள்ளத்தில் ஓடியிருக்கும், எங்கள் இருவருக்கும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அவன் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டே போனான். அப்புறம் அங்கேயிருந்து, 'அண்ணே, அடைங்க!' என்று குரல் கொடுத்தான்.

நான் அதை எப்படிக் கேட்டேன் என்று உனக்குச் சொல்லவேண்டும். ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்தது பலித்துவிட்டது, சவரி தொழில் பேச்சுப் பேசுகிறான், கரண்ட் கொடுக்கச் சொல்கிறான், நான் ஏற்கெனவே கொடுத்தது தெரியாமல் கேட்கிறான் என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 'அடைச்சுத்தான் இருக்கு!' என்று பதில் சொன்னேன். அவன், 'சரிண்ணே' என்றான். மூட்டைக் கழற்றி வயரை இழுத்தான். நீலமாக ஒரு வெளிச்சம், பிறகு அவன் விழுந்த சத்தம். கரண்ட் அவனைக் கொல்லவில்லை, திடுக்கிட்டுக் கைவிட்டதும் ஸ்டாண்டுக்குக் கீழே இருந்த சிமெண்டுத் தரையும்தான் கொன்றது. சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்கு எஸ்டேட் லோரியில் கொண்டுபோனோம். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் டிரைவரிடம் சொல்லவில்லை. அவர் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

இன்னொன்று இருக்கிறது. இதை நான் அம்மாவிடம்கூட இந்த வாரம்தான் சொன்னேன். அவன் விழுந்ததும் நான் முதலில் போனது அவனிடம் அல்ல. கைப்பிடியை ஓப்பனுக்கு இறக்கினேன். இறக்கிவிட்டுத்தான் அவனிடம் ஓடினேன். மேலே பொறி இன்னும் பறந்துகொண்டிருந்தது, நிறுத்துவதுதான் முறை, யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் வருகிறவன் பார்க்கும்போது கைப்பிடி கீழே இருக்கவேண்டும் என்ற நினைப்பும் அந்த நொடியில் எனக்கு இருந்ததா, இல்லையா? ஏழு வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. என் கை மட்டும் நினைவிருக்கிறது, அது ஒரே இழுப்பில் கைப்பிடியை இறக்கியது.

இரண்டு வாரம் கழித்து அலோர் ஸ்டார் கவர்மெண்ட் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். மானேஜர் அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்டார், கிராணியார் எழுதிக்கொண்டார். சுவிட்சை நிறுத்தும்படி அவன் உன்னிடம் சொன்னானா என்று கேட்டார். 'நோ, சார்' என்றேன். அவ்வளவுதான் தம்பி. வேலை போய்விடும் என்று பயந்தேனா? பயந்தேன். அதைவிட, ஒரு வாரமாக ஊர் சிரிக்க அவனுக்குப் பாடம் எடுத்தேனே, அந்தப் பாடமே அவனைத் தள்ளிவிட்டது என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. இறந்தவர் சுவிட்ச் அருகில் இருந்தவருக்குத் தெரிவிக்காமல் அவசரப்பட்டுக் கை வைத்தார் என்று எழுதி, என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். படித்தேன். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, அதைக்கூடத் திருத்திக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நான் அழவில்லை. அடக்கத்துக்குப் போனேன், மண் போட்டேன், லூர்து மயங்கி விழுந்தபோது தண்ணீர் தெளித்தேன். எல்லாம் இன்னொரு ஆள் செய்வது போல இருந்தது. இன்றுவரைக்கும் அப்படித்தான் இருக்கிறது. இதைப் படிக்கும்போது, அப்பா மரக்கட்டை மாதிரி எழுதுகிறாரே என்று உனக்குத் தோன்றும். தோன்றினால் அது சரி. உனக்குப் பரீட்சை ரிசல்ட் வந்த அன்றைக்கு அம்மா குதித்தாள், நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அப்பாவுக்குச் சந்தோஷமே இல்லை என்று நீ ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. சந்தோஷம் இருந்திருக்கும். எனக்கு வந்து சேரவில்லை.

சரி, நீ கேட்ட ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். விசாரணை முடிந்ததும் மானேஜர் என்னையே எழுதச் சொன்னார், எழுதினேன். நல்ல ஒழுங்குதான், பொய்யன் எழுதியது என்பதால் அது தப்பாகிவிடாது, அப்படியே எடுத்துக்கொள். நிறுத்துகிற சுவிட்ச் கீழே மட்டும் இருந்தால் போதாது, மேலே கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஒன்று வேண்டும், ஏறுகிறவன் தன் கையாலேயே நிறுத்தவேண்டும். நிறுத்தியதும் கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஏறுகிறவன் தன் பையில் வைத்துக்கொள்ளவேண்டும், கீழே நிற்கிறவனிடம் கொடுக்கக் கூடாது. வயரைத் தொடுவதற்கு முன் கண்ணாடிகளைக் கனத்த கன்வாஸால் மூடவேண்டும், வெயிலை மறைப்பதுதான் அதற்குக் கடைசி சுவிட்ச். மூடிய பிறகும் நம்பாதே, மீட்டர் வைத்துப் பார். தீ பிடித்தால் அணைக்க வருகிறவனுக்குத் தெரியும்படி, வெயில் உள்ளவரை மேலே கரண்ட் உண்டு என்று வாசலிலேயே மூன்று மொழியிலும் எழுதி வை. பள்ளிக்கூடம் என்றால் இதைக் கட்டாயம் செய். கைப்பிடியில் குளோஸ், ஓப்பன் என்று என்ன அச்சடித்திருந்தாலும் அதன் மேல் பெயிண்ட் அடித்துவிட்டு, கரண்ட் உண்டு, கரண்ட் இல்லை என்று எழுது. வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கி யாரும் எதையும் தொடக்கூடாது. இந்தக் கடைசி வரியை மானேஜர் ரொம்பப் பாராட்டினார்.

அதற்குப் பிறகு நான் உன்னை எப்படிப் படுத்தினேன் என்று உனக்கே தெரியும். டிவி ஏரியல் மாட்டப் போனால்கூட மூன்று முறை பார்க்கச் சொல்வேன். 'அப்பா மீட்டர் வச்சுப் பாக்காம கோயில்ல சாமியார்கிட்ட நன்மைகூட வாங்கமாட்டாரு' என்று நீ ஜெசிந்தாவிடம் சொல்லிச் சிரித்தாயாம். சிரிக்கலாம். ஆனால் இதே காலத்தில் இன்னொரு வீட்டில் என்ன நடந்தது என்று பார். எஸ்டேட் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு லூர்து செமிலிங்கில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே ஏழு வருஷமாக அந்தப் பிள்ளையை, 'ஒங்கப்பன் மாதிரி அவசரப்படாத' என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள். ஓடினால் அது, பாத்திரம் கைதவறினால் அது. போன வருஷம் நீ அவளைச் சுங்கை பட்டாணிக்குக் கூட்டிப்போனபோது, சடக்கில் ஓடுகிற காடி ஒன்றுகூட இல்லாமல் ஆகிறவரைக்கும் அவள் ரோட்டைத் தாண்டவே மாட்டேன் என்று நின்றாளாம், நீ அதைத் தமாஷாகச் சொன்னாய். அம்மா சிரித்தாள். நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். அவசரக்காரன் மகள் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாள் அவள். அவள் அப்பா அவசரக்காரனே இல்லை. கேட்டான். பதிலுக்குக் காத்திருந்தான். பதில் வந்த பிறகுதான் கை வைத்தான்.

ஞாயிறு ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'கல்யாணம் முடியட்டுங்க. தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்' என்றாள். அவள் பயம் நியாயமான பயம். நீ அந்தப் பிள்ளையை எவ்வளவு விரும்புகிறாய் என்று எனக்கும் கண் இருக்கிறது. ஆனால் தெரியாமல் அவள் நம் வீட்டுக்கு வந்து, எனக்குச் சோறு போட்டு, மாமா என்று கூப்பிட்டு, பிறகு ஒருநாள் தெரிந்தால், திரும்பிப் போகவும் அவளுக்கு வழி இருக்காது. உனக்குக் கல்யாணத்துக்கு ஒரே ஒரு புத்தி சொல்லவேண்டுமென்றால் இதுதான். அவள் ஒன்று சொல்லும்போது உனக்குத் தெரிந்த அர்த்தத்தைப் போட்டுக்கொண்டு பதில் சொல்லாதே. என்ன வேண்டும் என்று இன்னொரு தடவை கேள். கேட்பதனால் புருஷனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நான் அன்றைக்கு 'என்னா வேணும் சவரி?' என்று கேட்டிருந்தால் போதும்.

நேற்று அம்மாவிடம் சொல்லாமல் பஸ் ஏறிச் செமிலிங் போனேன். லூர்து கீழே உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். 'வாங்கண்ணே, பத்திரிகை அடிச்சாச்சா?' என்றாள். உட்காராமலே சொன்னேன்.

'லூர்து, சவரி அன்னைக்குக் கேட்டான்.'

'என்னா கேட்டாரு?'

'அடைங்கன்னான். நான் அடைச்சுத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன். அடைக்கல. கரண்ட் ஓடிக்கிட்டு இருந்துச்சு.'

அவள் கை நிற்கவில்லை, இன்னும் நாலைந்து நெத்திலியைக் கிள்ளிப் போட்டாள்.

'அப்ப அவரு கேட்டாரு.'

'கேட்டான்.'

'கேக்காம கை வைக்கல.'

'வைக்கல.'

'எப்புடி கேட்டாரு? அப்புடியே சொல்லுங்க.'

'அண்ணே, அடைங்க, அப்புடின்னான்.'

'இன்னொரு தடவ சொல்லுங்க.'

சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. 'ஏழு வருசமா அவர ஏசிக்கிட்டே இருந்தேண்ணே,' என்றாள். 'செவமால சொல்றப்பகூட நடுவுல நிறுத்தி ஏசுவேன். ஒரு வார்த்த கேட்டுட்டு செய்யக் கூடாதா மனுசா, ரெண்டு பேர இப்புடி விட்டுட்டுப் போயிட்டியேன்னு. கேட்டிருக்காரு.' பிறகு தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். 'கல்யாணம் அதுக ரெண்டு பேரு விசயம். ஜெசிந்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன். ஒங்க வாயால அவ கேக்க வேணாம். ஆனா ஏங்கிட்ட சொன்னா ஆச்சாண்ணே? நீங்க பொய் சொன்னது ஏங்கிட்டயா? அந்தத் தாளுலதான அவரு பேரு கெடக்கு. அங்க போயி சொல்லுங்க. சொல்லிட்டு வந்து மத்தத பேசுங்க.' தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதனால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அலோர் ஸ்டார் வருகிறேன். நீ லீவு போடாதே, பஸ் ஸ்டாண்டுக்கு வராதே, வேலைக்குப் போ. இன்று சாயங்காலமோ நாளைக்கோ லூர்து அவளிடம் சொல்லிவிடுவாள். ஜெசிந்தா உன்னைப் பார்க்க வந்தால் நீ எனக்காக ஒன்றும் பேசாதே. வரவில்லை என்றால் போய் நின்று தொந்தரவு பண்ணாதே. அவள் வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கோபத்தை என் மேல் காட்டு, அவளிடம் காட்டாதே. அவளாகக் கேட்டால் மட்டும் இந்தக் கடிதத்தைக் கொடு.

விசாரணைத் தாள் போன அந்த ஆபீசில் பழைய அதிகாரி இருக்கமாட்டார். ஃபைல் இருக்குமா என்பதே சந்தேகம், போய்ப் பெஞ்சில் உட்காரு என்று சொல்வார்கள், உட்காருவேன். அப்போதெல்லாம் இங்கிலீஷ், இப்போது கவுண்டரில் எல்லாம் மலாய்தான். அதனால் சொல்லவேண்டியதை மலாயில் கோத்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். அப்போதுதான் கவனித்தேன். மலாய்க்காரர்களும் லைட்டைத் துத்துப் பண்ணத்தான் செய்வார்கள், கதவை அடைப்பதற்கும் கரண்டை நிறுத்துவதற்கும் அவர்களுக்கு அந்த ஒரே வார்த்தை. வட்டம், கம்பி, குளோஸ், ஓப்பன் எதுவும் அவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. அவன் துத்துப் பண்ணச் சொன்னான், நான் பண்ணவில்லை என்றால் போதும், அந்தக் கவுண்டரில் இருக்கிற சின்னப் பெண்ணுக்குக்கூட உடனே புரிந்துவிடும். நிமிர்ந்து பார்த்து, ஏன் பண்ணவில்லை, பாச்சே, என்று வயசாளியைக் கூப்பிடும் மரியாதையோடு கேட்பாள். அதற்குத்தான் இன்னும் ஒரு வாக்கியமும் வரவில்லை.

அப்பா